பிரீமியம் மட்டும் போதாது, ஃபார்முலரியையும் பாருங்கள்

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் எடுக்கும்போது எல்லோரும் மாதப் பிரீமியத்தைத்தான் பார்க்கிறோம், ஆனால் தினமும் மாத்திரை போடுகிறவர் வீட்டில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திட்டத்தின் ஃபார்முலரி, அதாவது எந்தெந்த மருந்துக்குப் பணம் தருவார்கள் என்ற பட்டியல். மருந்துகளை அதில் டியர் டியராக, அதாவது படிநிலைகளாக, பிரித்திருப்பார்கள். பொதுவாக டியர் 1-இல் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாமல் வரும் அதே மருந்து), கோபே, அதாவது மருந்து வாங்கும்போது நாம் கட்டும் பங்கு, குறைவு. எண் ஏற ஏறக் கைக்காசு கரையும்.

மருந்தின் பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பக்கத்தில் பிஏ என்று இருந்தால் முன் அனுமதி வாங்க வேண்டும், எஸ்டி என்றால் முதலில் வேறொரு மருந்தை, பெரும்பாலும் விலை குறைந்ததை, சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள், க்யூஎல் என்றால் அளவுக்கு வரம்பு (வில்லங்கமெல்லாம் இந்தச் சுருக்கெழுத்துகளில்தான்).

சரி, மருந்தே பட்டியலில் இல்லையா? டாக்டரிடம் சொல்லி விதிவிலக்கு கேளுங்கள். மெடிகேர் பார்ட் டி-இல் (முக்கியமாக 65 வயதைத் தொட்டவர்களுக்கான அரசு இன்சூரன்ஸின் மருந்துப் பிரிவு) டாக்டரின் விளக்கம் போய்ச் சேர்ந்த 72 மணி நேரத்துக்குள், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள் திட்டத்தார் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், பட்டியல் வருடாவருடம் மாறும். மெடிகேர்காரர்கள் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றலாம், அதற்குள் அடுத்த வருடப் பட்டியலில் உங்கள் மாத்திரைகளை ஒருமுறை தேடிவிடுங்கள்.