மருத்துவக் கடன் கலெக்‌ஷனுக்குப் போனால் பதறிப் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் மருத்துவமனை பாக்கி கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போய், அங்கிருந்து போன் வந்தால், பலரும் அந்த அழைப்பிலேயே கார்டு எண்ணைச் சொல்லிக் கட்டிவிடுகிறார்கள். கிரெடிட் ஸ்கோர் விழுந்தால் வீட்டுக் கடன் கிடைக்காதே என்ற பயம். கட்ட வேண்டியதே இல்லாத பணம் போவது இந்த அவசரத்தில்தான்.

உண்மையில் உங்களுக்கு நேரம் இருக்கிறது. கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் கிரெடிட் பீரோக்களான ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் 2022 ஜூலையிலிருந்து, மருத்துவப் பாக்கி தவணை தவறி ஒரு வருடம் ஆகும்வரை அதை உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்றுவதில்லை. முழுதாகக் கட்டிய மருத்துவக் கலெக்‌ஷனை எடுத்துவிடுகின்றன. 2023 ஏப்ரலிலிருந்து 500 டாலருக்குக் குறைந்ததையும் காட்டுவதில்லை. ஆனால் அந்த 500 என்பது முதலில் பதிவான தொகை. 700 டாலர் பாக்கியில் 250 கட்டி 450 ஆக்கினால் பதிவு போய்விடும் என்று நினைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு, போகாது.

மருத்துவக் கடனே இனி ரிப்போர்ட்டில் வராது என்று நம்பி இருந்துவிடுவதும் தவறு. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நியூயார்க், கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் மாநிலச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

போனில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பேங்க் கணக்கு எண்ணைக் கொடுக்கவே வேண்டாம். ஏஜென்சி கடன் விவரத்தை எழுத்தில் தரவேண்டும். அது கிடைத்த 30 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபித்தால், ஆதாரம் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும். கடிதத்தை சர்ட்டிஃபைடு மெயிலில், ரிட்டர்ன் ரிசீட்டோடு அனுப்புங்கள். எந்த மருத்துவமனை, எந்தத் தேதி சிகிச்சை, இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுத்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஐட்டமைஸ்டு பில்லை மருத்துவமனையிடமே கேட்டு வாங்குங்கள்.

பில் கைக்கு வந்ததும் இன்சூரன்ஸ் அனுப்பிய ஈஓபியோடு (யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விளக்கத் தாள்) ஒப்பிடுங்கள். அதில் நோயாளியின் பொறுப்பு என்று போட்டிருக்கும் தொகையைவிட பில் அதிகமாக இருந்தால், இன்-நெட்வொர்க் மருத்துவமனை (உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளது) அந்த மிச்சத்தைக் கேட்க முடியாது. பல பாக்கிகளின் வேர் ரொம்பச் சின்னது: மெம்பர் ஐடியில் ஓர் எண் தப்பு, அல்லது வேறு இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டு வந்த படிவத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை, கிளெய்ம் அப்படியே தொங்கிவிட்டது. பெரும்பாலான திட்டங்களில், நிராகரிப்புக் கடிதம் வந்த 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். அவசரச் சிகிச்சைக்கு அவுட்-ஆஃப்-நெட்வொர்க் கட்டணம் போட்டிருந்தாலோ, இன்-நெட்வொர்க் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் மட்டும் தனி பில் அனுப்பியிருந்தாலோ, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம் உங்கள் பக்கம். சாலை ஆம்புலன்ஸ் மட்டும் அதில் அடங்காது.

எங்களைக் கேட்டால், மிக அதிகப் பணத்தை இழக்கவைக்கும் தவறு நிதி உதவி கேட்காமல் இருப்பதுதான். லாப நோக்கமற்ற மருத்துவமனை ஒவ்வொன்றும் எழுத்தில் நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது ஃபெடரல் வரிச் சட்டம். சிகிச்சை முடிந்து வந்த முதல் பில்லிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பத்தை ஏற்றாக வேண்டும், கணக்கு ஏஜென்சிக்குப் போயிருந்தாலும்கூட. முதல் 120 நாளுக்குள் அவர்கள் கிரெடிட் பீரோவுக்குச் சொல்லவும் கூடாது. தகுதி கிடைத்தால், ஏற்கெனவே ஏறிய பதிவை நீக்க நடவடிக்கை எடுப்பதும் மருத்துவமனையின் கடமை. வருமானம் கொஞ்சம் கூடுதல் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். வரம்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்.

கிரெடிட் கார்டில் போட்டுக் கட்டினால், அந்த நிமிடமே அது மருத்துவக் கடன் அல்ல, சாதாரண கார்டுக் கடன். மேலே சொன்ன ஒரு வருட அவகாசமும் 500 டாலர் சலுகையும் போச்சு, வட்டியும் சேரும். வட்டியில்லாத் தவணையை மருத்துவமனையிடமே கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள்.

பார்க்க வந்த அம்மா அப்பாவை எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போகும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்மிஷன் படிவங்களில் கேரன்டர் (பணத்துக்குப் பொறுப்பேற்பவர்) என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால், அந்தப் பாக்கி உங்கள் ரிப்போர்ட்டில் ஏறலாம். பில் உங்கள் பெயரில் வந்தால், நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே பேச்சைத் தொடங்குங்கள்.

ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால், ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காமில் மூன்று ரிப்போர்ட்டையும் எடுங்கள். வாரம் ஒருமுறை இலவசம். எந்தெந்த பீரோவில் இருக்கிறதோ அங்கெல்லாம் தனித்தனியாக டிஸ்ப்யூட் போட வேண்டும். கடன் உங்களுடையது என்று தெரிந்தும் ‘என்னுடையது இல்லை’ என்று எழுதாதீர்கள், சரிபார்த்தாகிவிட்டது என்ற பதில்தான் வரும். ‘இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது, ஈஓபி இணைப்பு’, ‘ஒரு வருடம் ஆகவில்லை, பில் தேதி இது’ என்று காரணத்தைக் குறிப்பாகச் சொல்லி ஆதாரம் வையுங்கள். பொதுவாக 30 நாளில் விசாரித்தாக வேண்டும்.

பழைய கடனில் பத்து டாலர் கட்டினால்கூடப் பல மாநிலங்களில் வழக்குப் போடும் காலக்கெடு புதிதாகத் தொடங்கும். ரிப்போர்ட்டில் இருக்கும் ஏழு வருடக் கணக்கு மட்டும் மாறாது. தவணை தவறிய தேதியை ஏஜென்சி தள்ளிப் போட்டிருந்தால் அது சட்டவிரோதம். கோர்ட் சம்மன் வந்தால் ஒதுக்கிவைக்கவே கூடாது. பதில் போடாவிட்டால் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய், சம்பளத்தில் பிடித்தம் வரலாம்.

எல்லாம் பார்த்து, கடன் சரிதான் என்று தெரிந்தால், ஒப்புக்கொண்ட தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். பதிவை நீக்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் கிரெடிட் ரிப்பேர் நிறுவனங்களை அண்டாதீர்கள். வேலையை முடிக்கும் முன் பணம் வாங்குவதே சட்டப்படி தவறு. பாக்கி பூஜ்யம் என்ற கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக் கடன் விண்ணப்பம் நடுவில் இருந்தால் அந்தக் கடிதத்தை லெண்டரிடம் கொடுத்து ரேப்பிட் ரீஸ்கோர் (ஸ்கோரை விரைவாகப் புதுப்பிப்பது) கேளுங்கள். அதை நீங்களாக நேரடியாகச் செய்ய முடியாது, லெண்டர் வழியாகத்தான் நடக்கும்.