வன்னியில் சின்னக் கார் ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்ட பிறகு எங்கள் பக்கம் முதல் முதலாகக் கார் வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். புதுசுக்கு மாறுகிறவர் விற்கும் பழசைத்தான் அநேகம் பேர் வாங்குகிறார்கள். விடிய ஆறு மணிக்கு வவுனியாவிலிருந்து ஏ9 இல் வடக்கே வந்து பாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று வழி நெடுக வாகன் ஆர், அல்ற்றோ, விற்ஸ், அக்குவா. உள்ளே ஆசிரியர்கள், கச்சேரியில் வேலை செய்பவர்கள், தாதிமார், நாலு பேராகச் சேர்ந்து பெற்றோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு போகிறார்கள். நல்ல விஷயம். 2022 இல் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், பெற்றோல் செட் வரிசையில் இரவிரவாகக் கிடந்ததையும், பிறகு கியூஆர் காட்டி அளந்து வாங்கியதையும் கண்டவர்கள் சின்ன எஞ்சினைத் தேடுவதில் பிழையே இல்லை.

பிழை எல்லாம் வாங்கிய பிறகுதான். இந்தத் தெருவில் வருடக்கணக்காக ஓடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நானும் என் வயதுக்காரரும் அந்தக் காலத்தில் செய்த கூத்துகளை இப்போது வருகிறவர்களும் ஒன்று விடாமல் செய்கிறார்கள். சீற் பெல்ற் போடு, நேரத்துக்கு சேர்விஸ் செய், இன்சூரன்ஸ் கட்டு என்பதெல்லாம் இங்கே வராது. அது உங்களுக்கே தெரியும்.

ஜப்பான் கணக்கை நம்புவது

விற்கிறவர் "லீற்றருக்கு முப்பத்துமூன்று ஓடும்" என்பார். அவர் சொல்வது முழுப்பொய் இல்லை. 2017 வாகன் ஆர் ஹைபிரிட்டுக்கு (பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ளது) ஜப்பானில் போட்ட கணக்கு 33.4 கிலோமீற்றர், 2011 கடைசியில் வந்த அக்குவாவுக்கு 35.4. ஆனால் அது ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி, ஏசியை நிறுத்தி, சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர் அளவில் ஓட்டிப் பார்த்த கணக்கு. நாங்கள் நாலு பேர், நாலு சாப்பாட்டுப் பை, ஏசி, எண்பதில் ஓட்டம். 660 சீசீ வாகன் ஆரில் இருபதைத் தொட்டால் சந்தோஷப்படுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹைபிரிட் கார் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் பிரேக் அடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பற்றரியில் சேர்த்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பதால்தான். கொழும்பு நெரிசலில் அது பேசும். எங்கள் தெருவில் நின்று நின்று போக என்ன இருக்கிறது, மாடு மட்டும்தான். அதிலும் வாகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டார், அக்குவாவைப் போல மோட்டாரிலேயே தூரம் ஓடும் சாமான் இல்லை. ஆகவே எங்களுக்கு மிச்சம் வருவது வேகத்தில்தான். உயரமான பெட்டி போன்ற உடம்பு, தொண்ணூறில் போனால் காற்றைத் தள்ளுவதற்கே பெற்றோல் போகும். எழுபதுக்குள் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எவ்வளவு ஓடுகிறது என்று அறிய டாஷ்போர்ட்டில் காட்டும் எண்ணைப் பார்க்காதீர்கள், ராங்கை முட்ட நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, அடுத்த முறை முட்ட நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது என்று பார்த்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர்

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எத்தனை பேருக்குச் சொல்லியும் கேட்கிறார்கள் இல்லை.

எங்கள் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேத்தண்ணிக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். சிறுநீரக நோய்ப் பயத்தில் ஊருக்கு ஊர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்து, கான் கொண்டு போய் வரிசையில் நின்று தண்ணீர் எடுத்துக் குடிக்கிறோம். பிறகு வீட்டுக்கு வந்து அதே கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து இத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய காருக்குள் ஊற்றுகிறோம்! தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சூடு ஏற ஏறப் படிவாக இறங்கும். கேத்தலில் நடப்பதுதான் எஞ்சினுக்குள்ளும், ஆனால் கேத்தலை உரசிக் கழுவலாம், சிலிண்டரைச் சுற்றிப் போகும் தண்ணீர்ப் பாதையை எதைக் கொண்டு உரசுவது? சின்னக் காரின் றேடியேற்றர் குழாய்கள் மெல்லியவை, கொஞ்சம் படிந்தாலே ஓட்டம் குறைந்துவிடும். படிவு வெப்பத்தையும் விடாது. முல்லைத்தீவு, மன்னார் கரையோரம் என்றால் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும்.

என்னோடு மாங்குளம் வரைக்கும் முன்னும் பின்னுமாக வரும் இளம் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பிக்கிறார், வாகன் ஆர் வைத்திருக்கிறார். றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது என்று ஒவ்வொரு நாளும் விடிய ஒரு போத்தல் ஊற்றிவிட்டு வருவார். "இண்டைக்கும் கொஞ்சம் குறைஞ்சு கிடந்தது அண்ணை" என்று ஏதோ பூக்கண்டுக்கு ஊற்றியது மாதிரிச் சொல்வார். ஏன் குறைகிறது என்று பார்க்கவில்லை. மூடிய வட்டத்துக்குள் சுற்றும் தண்ணீர் குறைவதென்றால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். ஓஸ் பைப்பின் கிளிப், வாட்டர் பம்ப், றேடியேற்றர் மூடியின் றப்பர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும், மூன்றுமே ஆரம்பத்தில் பிடித்தால் பெரிய செலவு இல்லை.

கச்சான் காற்றுக் காலம் வந்தது. சூடு கூடி, ஒருநாள் சிவப்பு லைற் எரிந்தது. தெருவோரக் கராஜ் ஒன்றில் காட்டினார். அங்கே இருந்தவர், எஞ்சின் சூடான பிறகு தண்ணீரை றேடியேற்றருக்குத் திறந்துவிடும் தேர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்து, "வெக்கை ஊரில இது தேவையில்லை தம்பி, குளிர் நாட்டுக்காரருக்குத்தான்" என்றிருக்கிறார். ஆசிரியர் அந்த வால்வை எனக்கும் காட்டினார். ஸ்பிரிங் முழுக்கச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை, பாதி திறந்தபடியே இறுகிப்போய்க் கிடந்தது. அதைக் கழற்றியது சரி. புதிதாக ஒன்று போடாமல் விட்டதுதான் பிழை.

இந்தக் கதையை வன்னி முழுக்கக் கேட்கலாம்: தேர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எஞ்சின் குளிராக ஓடும், நல்லது. நல்லதில்லை. எஞ்சின் 80, 90 பாகையில் ஓடத்தான் செய்யப்பட்டது. அந்தச் சூடு வரும் வரைக்கும் கம்பியூட்டர் "இன்னும் குளிராக இருக்கிறது" என்று நினைத்து பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். வால்வு இல்லாமல் எழுபதில் ஓடும்போது காற்று அடித்து எஞ்சின் ஒருநாளும் உரிய சூட்டுக்கு வராது. டாஷ்போர்ட்டில் எஞ்சின் இன்னும் குளிர் என்று காட்டும் நீல லைற் அணைய நெடுநேரம் எடுக்கும், சந்தியில் நிற்கும்போது தானாக எஞ்சின் நிற்கும் வசதி வேலை செய்யாது. அவருக்கு அந்த இரண்டும் நடந்தன. லீற்றருக்குப் பத்தொன்பது ஓடிய கார் பதினாலுக்கு இறங்கியது. பெற்றோலில் கலப்படம் என்று செட்டை மாற்றிப் பார்த்தார்! இன்னொரு பக்கம், சில எஞ்சின்களில் வால்வு திறக்கும்போதே குறுக்குப் பாதையை மூடும். வால்வு இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் திரும்பிச் சுற்றும். அதாவது மெதுவாக ஏற்றத்தில் அல்லது வெயிலில் ஏசியோடு நிற்கும்போது, குளிர வேண்டிய நேரத்தில் குளிராது.

அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒலுமடு தாண்டியதும் சிவப்பு லைற். இந்தக் கார்களில் பலவற்றில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது, நீலம், பிறகு ஒன்றும் இல்லை, பிறகு சிவப்பு. சிவப்பு எரியும்போது எச்சரிக்கைக் கட்டம் முடிந்துபோயிற்று. அவர் "கரிப்பட்டமுறிப்பில நிழல் இருக்கு, அங்க நிப்பாட்டுவம்" என்று ஓடியிருக்கிறார். அந்தச் சில கிலோமீற்றரில் சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் உள்ள கஸ்கெற் போய், ஒயிலும் தண்ணீரும் கலந்து பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஹெட்டை லேத்துக்குக் கொடுத்துச் சீவி, கஸ்கெற் மாற்றி, றேடியேற்றரும் மாற்றி, லீசிங்குக்குப் பல மாதம் கட்டுகிற அளவு காசு போனது. கார் இல்லாத நாட்களில் பஸ்ஸில் அலைந்தது வேறு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காருக்கு உரிய கூலன்ற் (றேடியேற்றருக்கு ஊற்றும் குளிர்விப்புத் திரவம்), கலந்தே வரும் போத்தலாக வாங்கினால் தண்ணீர் யோசனையே தேவையில்லை. செறிவான கூலன்ற் என்றால் பற்றரித் தண்ணீர் என்று விற்கும் வடித்த தண்ணீரோடு கலக்க வேண்டும். பற்றரி அசிற்றும் பக்கத்திலேயே இருக்கும், போத்தலை வாசித்து வாங்குங்கள், தயவுசெய்து. கூலன்ற் குளிர் நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்கத்தான் என்பது அரைவாசி உண்மை, அது கொதிநிலையையும் உயர்த்தும், அரிப்பையும் தடுக்கும், எங்களுக்குத் தேவை அந்த இரண்டும். வேறு வேறு வகையைக் கலக்காதீர்கள். நிறம் ஒன்று என்பதற்காக வகையும் ஒன்றில்லை.

றிசேர்வ் ராங்கியில் மட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்களும் உண்டு. மூடியின் றப்பர் போனால் ராங்கி நிறைந்தே இருக்கும், றேடியேற்றர் காலியாக இருக்கும். கிழமைக்கு ஒருமுறை விடிய, குளிர்ந்த எஞ்சினில், றேடியேற்றர் மூடியையே திறந்து பாருங்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தும்போது பார்க்கலாம் என்று விட வேண்டாம். ஓடி வந்த எஞ்சினில் உள்ளே அழுத்தத்தோடு 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் தண்ணீர் மூடி திறந்த கணத்தில் கொதித்து முகத்துக்கு வரும்.

சிவப்பு எரிந்தால் ஏசியை நிறுத்துங்கள், ஹீற்றரை முழுதாகத் திறந்து ஃபானைக் கூட்டுங்கள் (ஆம், அந்த வெயிலில்தான், எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே எடுக்கும்), ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். நிழல் தேடி ஓட வேண்டாம். அரை மணித்தியாலமாவது மூடியைத் தொட வேண்டாம், எஞ்சினுக்கு மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். வேறு வழியே இல்லாமல் தண்ணீர் விட்டு வீடு சேர வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீரை விடுங்கள், அதையும் அந்தக் கிழமையே கழற்றிக் கழுவி கூலன்ற்றுக்கு மாற்றிவிடுங்கள்.

தடித்த ஒயில்

ஜப்பான் சின்ன எஞ்சினுக்குக் கையேடு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலைச் சொல்லும். ஆட்டோவுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 ஐ "எங்கட வெயிலுக்கு இதுதான்" என்று ஊற்றி விடுவார்கள். எஞ்சின் பாரமாகச் சுற்றும், பெற்றோல் கூடும். சீவிரி (CVT) என்னும் ஆட்டோ கியர் உள்ள காருக்கு அதற்கென்ற ஒயில் மட்டும்தான், சிவப்பாக இருக்கும் எல்லா ஒயிலும் ஒன்றில்லை. போத்தலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

டயர் காற்று

விடிய, ஓட முதல் பாருங்கள். மத்தியானம் ஓடி வந்து, சூட்டில் கூடிய காற்றை இறக்குகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

நெல்லுக்குப் பக்கத்தில் கார்

அறுவடை முடிந்ததும் மூட்டைகளைக் கார் கொட்டிலுக்குள் அடுக்குவோம். நெல்லுக்கு எலி வரும், எலி இரவில் சூடான பொனற்றுக்குள் ஏறும், வயரைக் கடிக்கும். ஒருவருடைய காரில் எயர் பில்ற்றர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே உமியும் சாக்கு நூலும் வைத்துக் கூடே கட்டியிருந்தது. விடிய ஸ்ரார்ட் பண்ண முதல் பொனற்றைத் திறந்து ஒரு பார்வை, அப்புறம் மூட்டையையோ காரையோ இடம் மாற்றுவது. எலி மருந்து வேண்டாம், செத்த எலி ஏசி ஃபானுக்குள் கிடந்தால் அந்த நாற்றத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அக்குவா வைத்திருப்பவர்கள் மூட்டையைப் பின் சீற்றிலும் ஏற்றாதீர்கள். ஹைபிரிட் பற்றரி அந்தச் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, சீற்றின் பக்கத்தில் அதற்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கிறது. அதை மூடினால் பற்றரி வெந்துவிடும். எங்கள் செம்மண் புழுதியில் அந்தத் துவாரத்தின் வலையும் அடைபடும், சேர்விஸ் செய்யும்போது கேட்டுச் சுத்தம் செய்விக்க வேண்டும்.

மழைக்கால இரவு

கட்டாக்காலி மாடு காய்ந்த காபெற் தெருவில்தான் படுக்கும். மாங்குளம் தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் என்றால் யானையும். ஐம்பதுக்கு மேல் போக வேண்டாம்.

வெள்ளத்தில் இறங்குவது

பஸ் போகிறது என்று பின்னால் போகாதீர்கள். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் சின்னக் காரில் தாழ்வாக இருக்கும்.

ஓபன் பேப்பர்

பெயர் மாற்றாமல் கையொப்பம் வைத்த தாள்களோடு நாலைந்து கை மாறிய கார் மலிவாக வரும். பதிவுப் புத்தகத்தில் இருப்பவர் வெளிநாட்டில் இருப்பார், இல்லாவிட்டால் அவர் பெயரில் லீசிங் இன்னும் முடிந்திருக்காது. வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், விபத்து நட்டஈடு எல்லாவற்றிலும் சிக்கல். புத்தகத்தில் உள்ள ஆளே அடையாள அட்டையோடு முன்னால் வந்து நின்றால் மட்டும் காசை எண்ணுங்கள்.