சர்க்யூட் போர்டின் காப்புப் பூச்சை அகற்றுதல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

பழுதான ஒரு சர்க்யூட் போர்டில் சால்டரிங் அயர்னை வைத்த பிறகும், பற்றவைப்பு உலோகமான சால்டர் உருகாமல், அயர்னின் முனையைச் சுற்றி ஏதோ பழுப்பாகக் கருகி, காட்டமான புகை மட்டும் எழுகிறது என்றால், அந்தப் போர்டின் மேல் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத காப்புப் பூச்சு ஒன்று இருக்கக்கூடும். தொழிலில் இதைக் கன்ஃபார்மல் கோட்டிங் என்பார்கள். ஈரம், தூசி, உப்புக் காற்று ஆகியவற்றிலிருந்து காப்பதற்காக, வாகனங்களின் கட்டுப்பாட்டு அலகுகள், ஏசியின் வெளி அலகுகள், தொழிற்சாலைக் கருவிகள் முதலியவற்றின் போர்டுகளில் இது பூசப்படுகிறது. பெரும்பாலான பூச்சுகளின் தடிமன் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரைதான். சிலிகோன் வகை மட்டும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் வரை போகும்.

இவ்வளவு மெல்லிய படலம்தானே என்று, அயர்னின் சூட்டாலேயே அதைக் கருக்கி வழி உண்டாக்கிக்கொள்ளப் பலர் முயல்கிறார்கள். கருகிய படலம், பாகங்களின் கால்களைச் சால்டரால் பற்றவைக்கும் செம்புத் திட்டான பேடின் மேல் படிந்து புதிய சால்டரைப் பிடிக்கவிடாமல் செய்யும். அது போதாதென்று, பாலியூரித்தேன் பூச்சு கருகும்போது ஐசோசயனேட் வகை ஆவிகள் வெளிவரலாம். அவை ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. ஆகவே பூச்சை முதலில் அகற்றிவிட்டுத்தான் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும்.

ஆனால் அகற்றும் கைவேலை இந்தப் பணியில் பாதிக்கும் குறைவுதான். என்ன பூச்சு என்று கண்டறிவதே மீதி. தொடக்கத்தில் நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கினேன். ஒரு போர்டின் மேல் யோசிக்காமல் அசிட்டோனை ஊற்றினேன். பூச்சு சிலிகோன் என்பதால் அது அசையவே இல்லை; அருகிலிருந்த பிளாஸ்டிக் கனெக்டர்தான் குழைந்து உருவிழந்தது. பழுது பார்க்க எடுத்த இடம் அப்படியே இருக்க, புதிதாக ஒரு பழுதைச் சேர்த்ததுதான் அன்றைய பயன்.

முதல் படி: பூச்சை அடையாளம் காணுதல்

பரவலாகப் பயன்படும் பூச்சுகள் ஐந்து வகை: அக்ரிலிக், சிலிகோன், பாலியூரித்தேன், எப்பாக்ஸி, பாரிலீன். போர்டின் ஆவணத்திலோ உற்பத்தியாளரின் குறிப்பிலோ வகை எழுதப்பட்டிருந்தால் சோதனை எதுவும் தேவையில்லை. அப்படிக் கிடைப்பது அரிது என்பதால், பின்வரும் சோதனைகளை இதே வரிசையில் செய்யலாம்.

இருட்டான இடத்தில் 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான புறஊதா டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். பல பூச்சுகளில், பூசும்போது விடுபட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே ஒளிரும் சாயம் கலந்திருப்பார்கள். அது நீல நிறத்தில் ஒளிரும். பூச்சு எங்கே இருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது, எங்கே முன்பே யாரோ சுரண்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் தெரியும். என்ன வகை என்பது மட்டும் தெரியாது. ஒளிராததாலேயே பூச்சு இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. பாரிலீன் பெரும்பாலும் ஒளிராது.

அடுத்து, உதிரிபாகங்கள் இல்லாத ஓர் ஓரத்தில், கூராக்கிய மூங்கில் குச்சியால் அழுத்திப் பார்க்க வேண்டும். ரப்பரைப் போல அமுங்கி மீண்டும் எழுந்தால் அது சிலிகோனாக இருக்க வாய்ப்பு மிகுதி. கெட்டியாக இருந்தால் மற்ற நான்கில் ஒன்று. இங்கே ஓர் எச்சரிக்கை: போர்டின் பச்சை நிறப் படலம் சால்டர் மாஸ்க் எனப்படும் வேறொரு அடுக்கு. அதன் மேல் நிறமின்றி இருக்கும் படலமே நாம் தேடும் பூச்சு. பச்சையைச் சுரண்டத் தொடங்கினால் அதற்கடியிலுள்ள செம்பு டிராக் வெளியே வந்துவிடும். அதேபோல, சில சலவை இயந்திரங்களின் போர்டுகள் பல மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பிசினில் மூழ்கியிருக்கும். அது பூச்சு அல்ல, பாட்டிங் எனப்படும் வார்ப்பு. அதற்கு இந்தச் செய்முறை பொருந்தாது.

கெட்டியான பூச்சாக இருந்தால் கரைப்பான் சோதனைக்குப் போகலாம். அதே ஓரத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சிறு பஞ்சை வைத்து, ஆவியாகிவிடாதபடி பாலித்தீன் துண்டால் மூடி, இரண்டு மூன்று நிமிடங்கள் விட வேண்டும். எடுத்துத் தொடும்போது பிசுபிசுப்பாக இருந்தால் அது அக்ரிலிக் எனக் கொள்ளலாம். மாற்றமில்லை என்றால் அசிட்டோனில் அதே சோதனை. அதில் தெளிவாகக் கரைந்தால் அக்ரிலிக்; சற்றே வீங்கியோ சுருங்கியோ பெயர்ந்தால் பெரும்பாலும் பாலியூரித்தேன்; இரண்டுக்கும் அசையாவிட்டால் எப்பாக்ஸி அல்லது பாரிலீன். இந்த முடிவுகள் ஊகமே என்றாலும், தவறான கரைப்பானைப் போர்டு முழுவதும் ஊற்றுவதிலிருந்து காப்பாற்ற இந்த ஊகம் போதும்.

இரண்டாம் படி: போர்டையும் இடத்தையும் தயார் செய்தல்

மின்னிணைப்பையும் பேட்டரியையும் நீக்குவது சொல்லாமலே தெரியும். வீட்டு மின்னிணைப்பில் நேரடியாக இயங்கும் பவர் சப்ளை போர்டு என்றால், 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கியிருக்கலாம். அதைத் தகுந்த ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரால் அளந்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

அசிட்டோன் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸிலும், ஐசோபுரோபைல் ஆல்கஹால் 12 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியைத் தரும். சாதாரண அறை வெப்பத்தில் இரண்டுமே அபாயமானவைதான் என்பதால், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். சூடான அயர்ன், ஹாட் ஏர் கருவி, அடுப்பு எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். நைட்ரைல் கையுறை ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்குப் போதும். ஆனால் அசிட்டோன் சில நிமிடங்களுக்குள் அதை ஊடுருவிவிடும். எனவே மெல்லிய நைட்ரைல் கையுறையில் அசிட்டோன் பட்டவுடன் மாற்ற வேண்டும், அல்லது ப்யூட்டைல் ரப்பர் கையுறை அணிய வேண்டும்.

போர்டைப் பல கோணங்களில் படம் எடுத்த பிறகு, நனையக் கூடாதவற்றைப் பாலிஇமைடு டேப்பால் மூட வேண்டும். மைக்ரோபோன், அழுத்த உணரி, பஸ்ஸர், மூடி அடைக்கப்படாத ரிலே, ஸ்விட்ச், பிளாஸ்டிக் கனெக்டர், எல்சிடி, ஒட்டியிருக்கும் லேபிள் ஆகியவை முக்கியமானவை. ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குகளை அசிட்டோன் கெடுத்துவிடும். டேப்பின் ஓரத்துக்கு அடியிலும் கரைப்பான் ஊறிச் செல்லும் என்பதால், டேப்பை நம்பி வாரியிறைக்கக் கூடாது.

எவ்வளவு அகற்றுவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். மாற்றப்போகும் பாகத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் போதும். போர்டு முழுவதையும் சுத்தமாக்கிவிட்டுத்தான் மற்றது என்ற ஆசை, புதியவர்களின் போர்டுகளைப் பழுதாக்கும் காரணங்களில் முதன்மையானது என்பது என் கருத்து.

மூன்றாம் படி: அகற்றுதல்

அக்ரிலிக் என்றால் வேலை எளிது. ஆனால் பெரும்பாலோர் தவறுவதும் இதில்தான். சிறு பஞ்சை அசிட்டோனிலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலோ நனைத்து, தேர்ந்த இடத்தின் மேல் வைத்து, பாலித்தீனால் மூடி ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஊறும் நேரத்தைக் குறைத்துத் தேய்ப்பதை அதிகமாக்கினால் சிறிய ரெசிஸ்டர்கள் பெயர்ந்துவிடும். ஊறிய பிறகு போர்டைச் சாய்த்துப் பிடித்து, மென்மையான பிரஷால் கீழ்நோக்கித் துடைக்க வேண்டும். சாய்ப்பதற்குக் காரணம் உண்டு: தட்டையாக வைத்தால் கரைந்த பிசின் ஐசியின் அடியிலும் கனெக்டரின் ஊசிகளுக்கிடையிலும் ஓடி, அங்கே மீண்டும் இறுகிவிடும். பிறகு புதிய பஞ்சுக் குச்சியால் துடைத்து, அந்தக் குச்சியை உடனே ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரே குச்சியால் பத்து முறை துடைப்பவர் பூச்சை அகற்றுவதில்லை. அதை மெல்லியதாக்கிப் பரப்புகிறார். காய்ந்ததும் தெரியும் வெண்மையான மங்கலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஊறவைத்தல், பிரஷ், புதிய குச்சி என்ற சுற்றை மூன்று நான்கு முறை செய்ய நேரலாம். இறுதிச் சுற்றில் இதுவரை பயன்படுத்தாத, சுத்தமான கரைப்பானால் அலச வேண்டும்.

சிலிகோனுக்கு இந்தக் கரைப்பான்கள் பயன்படாது. மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் கருவியாலோ ஓரத்தைக் கீறித் தூக்கிவிட்டு, இடுக்கியால் மெதுவாக உரித்தால் பட்டையாக வரும். மூலைகளில் எஞ்சுவதற்குச் சிலிகோனுக்கென்றே விற்கப்படும் அகற்றும் திரவம் வேண்டும். சிலிகோன் பட்ட பிரஷையும் துணியையும் வேறு போர்டில் பயன்படுத்தக் கூடாது. அதன் நுண்ணிய எச்சம் கூட வேறு வகைப் பூச்சை ஒட்டவிடாது.

பாலியூரித்தேனில் சில வகைகள் அதற்கான திரவத்தில் மென்மையாகும், சில பிடிவாதம் பிடிக்கும். ஹாட் ஏரால் இதமாகச் சூடாக்கி, குழைந்ததும் மரக் குச்சியால் தள்ளுவது ஒரு வழி. கரைப்பான் முழுவதும் உலர்ந்து, அதன் புட்டியும் அறையைவிட்டுப் போன பிறகே இதைச் செய்ய வேண்டும். சூடு, ஈயம் கலந்த சால்டர் உருகும் 183 டிகிரிக்கும், ஈயமற்ற சால்டர் உருகத் தொடங்கும் 217 டிகிரிக்கும் வெகு கீழே இருக்க வேண்டும்; பூச்சு நிறம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும். ஆவியை வெளியே இழுக்கும் விசிறி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

எப்பாக்ஸி விஷயத்தில் நான் புதியவர்களுக்குக் கரைப்பானைப் பரிந்துரைப்பதே இல்லை. போர்டே கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் சேர்ந்து ஆனது; பூச்சைத் தின்னும் திரவம் போர்டையும் தின்னும். உருப்பெருக்கியின் கீழ், சால்டர் பற்றின் மேல் மட்டும், சிறிது சிறிதாகச் சுரண்டலாம். பாரிலீன் வெற்றிடத்தில் ஆவியாகப் படிய வைக்கப்படுவதால் பாகங்களின் அடிப்புறத்தையும் மூடியிருக்கும். சாதாரணக் கரைப்பான் எதற்கும் மசியாது. நுண்துகளை வேகமாக வீசித் தேய்க்கும் கருவியால் அதை எடுக்கிறார்கள். அந்தத் துகள்களின் உராய்வில் நிலைமின்னேற்றம் உண்டாகி ஐசிகளைக் கெடுக்கும் என்பதால், அயனியாக்கிய காற்றும் தரைத்தொடர்பும் உள்ள பணியிடத்துக்கு அதை அனுப்புவதே சரி.

நான்காம் படி: சோதித்தல், மீண்டும் பூசுதல்

உலர்ந்த போர்டை மறுபடி புறஊதா ஒளியில் பார்க்க வேண்டும். பேட்டின் மேல் ஒளிர்வு எஞ்சியிருந்தால் அங்கே சால்டர் பிடிக்காது. பாகத்தை மாற்றிய பிறகு, சால்டர் நன்றாகப் பிடிக்கப் பயன்படுத்தும் ஃப்ளக்ஸின் எச்சத்தையும் துடைத்து, கரைப்பான் முழுமையாக ஆவியான பின்னரே மின்சாரம் கொடுத்துச் சோதிக்கலாம்.

போர்டு சரியாக இயங்கினால், திறந்த இடத்தில் முன்பிருந்த அதே வகைப் பூச்சைப் பூச வேண்டும். பழைய பூச்சின் விளிம்பின் மேல் சற்று ஏறும்படி பூசினால் இடைவெளி விழாது. மறைப்பு டேப்பைப் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததுமே எடுத்துவிட வேண்டும், முழுதும் இறுகும்வரை விட்டால் டேப்போடு விளிம்பும் பெயர்ந்து வரும். கடைசியாக, கண்டறிந்த பூச்சின் வகையையும் தேதியையும் ஒரு சிறு சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிடுவது என் வழக்கம். அடுத்த முறை அதைத் திறப்பவருக்கு முதல் படி முழுவதும் மிச்சமாகும்; பல நேரங்களில் திறப்பவர் நானேதான்.