காட்பாடியில் ரயிலேறி சின்னமலைக் குகைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

புனித தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் சென்னை சின்னமலைக் குகைக்குள் நீங்கள் நிற்கப்போவது ஐந்து நிமிடம். கூட்டமுள்ள நாளில் அதுவும் கிடைக்காது. காட்பாடியிலிருந்து போக வர மட்டும் ஆறு மணி நேரம் ஆகிவிடும். எனவே அந்த ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்காமல், பசிக்காமல், பின்னால் நிற்பவர் முதுகைத் தள்ளாமல் செபிக்க வேண்டுமானால் ஏற்பாடுகளை முதல்நாளே முடித்துவிட வேண்டும்.

எந்த மலை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

முதல்முறை போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சென்னையில் இயேசுவின் சீடரான புனித தோமையாரோடு தொடர்புள்ள இடங்கள் மூன்று. அவர் கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கி, பிறகு மயிலாப்பூர்ப் பக்கம் வந்து மறைபரப்பினார் என்பது மரபு. துரத்தியவர்களிடமிருந்து அவர் ஒளிந்திருந்த குகை சின்னமலையில் இருக்கிறது. கி.பி. 72-இல் அவர் குத்திக் கொல்லப்பட்ட இடம் பரங்கிமலை. அடக்கம் செய்யப்பட்ட இடம் சாந்தோம். குகை பார்க்க வேண்டுமென்றால் சின்னமலைக்குத்தான் போக வேண்டும். பரங்கிமலைக்கும் மெட்ரோ நிலையம் உண்டு, அங்கும் ஒரு மலை, அதன்மேல் ஒரு கோயில் உண்டு. ஆட்டோக்காரரிடம் ‘தோமையார் மலை’ என்று சொன்னால் அவர் நேராகப் பரங்கிமலையில் கொண்டுபோய் விடுவார். அது அவர் தவறல்ல. ‘சைதாப்பேட்டை பக்கம், சின்னமலை மாதா கோயில்’ என்று சொல்லுங்கள்.

நம் பங்குக் கோயில்களில் இருக்கும் கெபியை மனதில் வைத்துக்கொண்டும் போகாதீர்கள். கெபி என்பது 1858-இல் பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத்துக்கு மாதா காட்சி கொடுத்த மசபியேல் குகையின் சாயலில், கல்லும் சிமெண்டும் வைத்து நாம் கட்டிக்கொள்வது. வெளியே நின்றபடியே வணங்கலாம். சின்னமலையில் இருப்பது இயற்கையான பாறைக்குகை. குனிந்து உள்ளே நுழைய வேண்டும், இடமும் குறைவு. அதையொட்டி ஆரோக்கிய அன்னைக்குப் போர்ச்சுகீசியர் 1551-இல் சிற்றாலயம் கட்டினார்கள். பக்கத்தில் உள்ள பெரிய வட்ட வடிவ ஆலயம் 1971-இல் எழுந்தது. 

நாள் தேர்வு

முதல்முறைக்கு வேலைநாள் காலைதான் நல்லது. ஞாயிறன்று திருப்பலிகளும் திருமுழுக்குகளும் இருக்கும், குகைப் பக்கம் வரிசை நகராது. ஜூலை 3 தோமையார் திருநாள். ஈஸ்டருக்குப் பின் வரும் வாரங்களில் ஆரோக்கிய அன்னை திருவிழா நடக்கும். அந்த நாட்களில் போகிறவர்கள் திருவிழாவுக்காகப் போகலாம், குகைக்காகப் போக வேண்டாம். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளைத் தவிர்த்தால் ஓரளவு அமைதி கிடைக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்குள் குகையைப் பார்த்து முடித்துவிடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் தளம் அதற்குமேல் காலைச் சுடும். வேலூர் வெயிலே பார்த்த நமக்கு இதென்ன என்று நினைக்காதீர்கள். கடற்கரை ஊரின் புழுக்கம் வேறு வகை. வியர்வை காயாது, வயதானவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள்.

திருப்பலி நேரம் மாறும். கிளம்புவதற்கு முன் உங்கள் பங்குத்தந்தையிடமோ ஆலய அலுவலகத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு ஒரு தோள்பை போதும். இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் குகையில் பாறையைப் பிடித்துக்கொள்ள முடியும். ஒரு லிட்டர் தண்ணீர், குகை வளாகத்தில் உள்ள ஊற்றின் நீருக்காக அரை லிட்டர் காலி பாட்டில், செபமாலை, செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை நோட்டுகள், அன்றாட மாத்திரைகள். பெண்கள் முக்காடு போடுவதானால் தனித் துணி எடுத்து வரலாம். நீளமான முந்தானை குகையிலும் மெழுகுதிரி மேடையிலும் இடைஞ்சல், அதை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது.

தீப்பெட்டி, எண்ணெய், மெழுகுதிரி எதுவும் வேண்டாம். மெட்ரோ நிலையத்தில் பைகளைப் பரிசோதிப்பார்கள், எளிதில் தீப்பற்றும் பொருட்கள் அங்கே நின்றுவிடும். மெழுகுதிரி கோயில் அருகிலேயே கிடைக்கும்.

நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணாமல் இருக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. தண்ணீரும் மருந்தும் இதில் சேராது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. இது தெரியாமல் சர்க்கரை நோயாளிகள் விடியலிலிருந்து பட்டினி கிடந்து, மதியத்துக்குள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவதுண்டு. ரயிலிலேயே இட்லியைச் சாப்பிட்டுவிடுங்கள்.

காட்பாடியிலிருந்து சென்ட்ரல்

தூரம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம் ஆகும், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஒரே நாளில் போய்த் திரும்ப ஏலகிரி எக்ஸ்பிரஸ் வசதி. ஜோலார்பேட்டையில் அதிகாலை கிளம்பி, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு வழியாகச் சென்ட்ரல் போய், மாலையில் திரும்பும். ஆனால் அது தினசரி வேலைக்குப் போகிறவர்களின் ரயில். சீசன் டிக்கெட்காரர்கள் ஏறிய பிறகு முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார இடமிருக்காது. குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கைக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

காட்பாடி வழியாக வரும் எல்லா ரயிலும் சென்ட்ரலில் முடிவதில்லை. சில வண்டிகள் பெரம்பூர் வழியாகவே வடக்கே போய்விடும். டிக்கெட் எடுக்கும்போதே கடைசி நிலையத்தைப் பார்த்துவிடுங்கள்.

ரயில் நேரத்தைச் செபமாலைக்கு வைத்துக்கொள்ளலாம். 53 மணி மாலை சொல்ல இருபது நிமிடம் போதும். திங்கள், சனி என்றால் மகிழ்ச்சி மறைபொருள்கள் (மாலை சொல்லும்போது சிந்திக்கும் நிகழ்வுகள்). செவ்வாய், வெள்ளி துயர். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி. முழு மாலையையும் குகைக்குள் நின்று சொல்ல நினைத்தால் பின்னால் இருப்பவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

மெட்ரோவில் எந்த வழித்தடம்

சென்ட்ரலில் இறங்கியதும் மெட்ரோவுக்குக் கீழே போங்கள். அங்கே இரண்டு வழித்தடங்கள் சந்திக்கின்றன. உங்களுக்கு வேண்டியது நீலம். ‘விமான நிலையம்’ என்ற பெயரை மட்டும் நம்பி ஏறாதீர்கள், கோயம்பேடு வழியாகச் சுற்றிக்கொண்டு விமான நிலையம் போகும் வண்டிகளும் உண்டு. அண்ணா சாலை வழியாக, அதாவது எல்.ஐ.சி., தேனாம்பேட்டை, நந்தனம் வழியாகப் போவதுதானா என்று நடைமேடை ஊழியரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். சென்ட்ரலை விட்டால் எட்டாவது நிலையம் சின்னமலை, சைதாப்பேட்டைக்கு அடுத்தது.

தப்பான வண்டியில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். வாயிலைத் தாண்டி வெளியே போகாமல் ஆலந்தூரில் இறங்கி, விம்கோ நகர் போகும் நீல வண்டிக்கு மாறுங்கள். கிண்டிக்கு அடுத்தது சின்னமலை. கோயம்பேட்டில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களுக்கும் இதே வழிதான்.

நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். மூட்டு வலிக்காரர்களுக்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள், வளாகத்துக்குள் ஏறி இறங்க அவர்களுக்குத் தெம்பு மிச்சம் வேண்டும். ஊரிலிருந்து வேனில் வருகிறவர்கள் ஆட்களை இறக்கிவிட்டு வண்டியை வேறிடத்தில் நிறுத்தும்படி ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அந்தச் சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே அரைமணி போய்விடும்.

வளாகத்துக்குள் வந்ததும்

நேராகக் குகைக்கு ஓடாதீர்கள். முதலில் அலுவலகம். திருப்பலிக் கருத்து கொடுப்பதானால் பெயர், கருத்து, எந்தத் தேதி என்ற மூன்றையும் தெளிவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ‘அம்மாவுக்காக’ என்று மட்டும் எழுதினால் அது நோய் தீரவா, இறந்தவர் ஆன்ம இளைப்பாற்றிக்கா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. அன்றைய திருப்பலியிலேயே வாசிக்க வேண்டுமானால் குறைந்தது அரைமணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் குருவானவர் எப்போது இருப்பார் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

அடுத்துத் திருப்பலி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உறவினர்களும் இந்து நண்பர்களும் உடன் வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: குகை, ஊற்று, மெழுகுதிரி எல்லாம் எல்லாருக்கும் உண்டு, நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கு. வரிசையில் போய் நின்றபின் சொன்னால் இருவருக்கும் சங்கடம்.

திருப்பலி முடிந்த உடனே எல்லாரும் குகைப் பக்கம் திரும்புவார்கள். பதினைந்து நிமிடம் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள். கூட்டம் தானாகக் குறையும்.

குகைக்குள்

செருப்பு வெளியே. கைபேசி ஒலி நிறுத்தம். மூக்குக்கண்ணாடி வழுக்குமானால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முதியவர், அவருக்குப் பின்னால் கைத்தாங்கலாக ஒருவர், அடுத்துப் பிள்ளைகள். முன்னால் இளசுகள் போய்விட்டால் உள்ளே தடுமாறும் பாட்டியைப் பிடிக்க ஆளிருக்காது.

வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் பழகச் சில நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் நடந்தால்தான் தலை பாறையில் இடிக்கும். நின்று, தலையைத் தாழ்த்தி, ஒரு கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு நகருங்கள். உயரமானவர்கள் திரும்பி வரும்போதும் இதை மறக்கக் கூடாது, பெரும்பாலும் இடிபடுவது நிமிர்ந்து எழும்போதுதான்.

பாறையில் ஒரு திறப்பு இருக்கிறது. துரத்தியவர்கள் நெருங்கியபோது தோமையார் அதன் வழியாகத் தப்பினார் என்பது மரபு. அதனருகே கைத்தடம் என்று காட்டப்படும் பதிவும் உண்டு. தொட்டு வணங்குவதானால் மெதுவாகத் தொடுங்கள். குங்குமம், மெழுகு, எண்ணெய் தடவுவதும், துகள் சுரண்டி எடுப்பதும் வேண்டாம். ஆளுக்கொரு சிட்டிகை என்று எடுத்தால் தடமே மிஞ்சாது.

செபம் சுருக்கமாக இருக்கட்டும். பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், திரித்துவப் புகழ் மூன்றும் ஒரு நிமிடத்தில் முடியும். அதற்கும் நேரமில்லையென்றால் உயிர்த்த ஆண்டவரைக் கண்டு தோமையார் சொன்னதையே சொல்லுங்கள்: ‘நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்’ (யோவான் 20:28). வேண்டுதல் பட்டியலை வெளியே வந்து கோயிலில் உட்கார்ந்து சொல்லலாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள், மூடிய இடத்தில் படபடப்பு வருகிறவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் கூட்டம் இருக்கும்போது உள்ளே போக வேண்டாம். வாசலில் நின்று செபித்தால் குறைந்துவிடாது. உள்ளே மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் சொல்லிவிட்டு உடனே திரும்புங்கள், தைரியசாலிபோல் நிற்காதீர்கள்.

மெழுகுதிரியும் ஊற்றும்

மெழுகுதிரியைக் குகைக்குள் ஏற்றாமல் அதற்கான மேடையில் ஏற்றுங்கள். காற்றோட்டம் குறைந்த இடத்தில் புகை தங்கும், பாறை கரிபடியும். மேடையிலும் நெருக்கி நட்டால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வளைந்து சரியும். நான்கு விரல் இடைவெளி விட்டு நடுங்கள்.

மக்களுக்காகத் தோமையார் பாறையிலிருந்து வரவழைத்தது என்று நம்பப்படும் ஊற்றும் இங்கே இருக்கிறது. அரை லிட்டர் பிடித்தால் போதும். வீட்டில் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் குடிக்கக் கொடுக்காமல் நெற்றியில் தொட்டு வையுங்கள். ஊற்று நீர் காய்ச்சாத நீர்தான், பக்தி கிருமியைக் கொல்வதில்லை.

நேரம் மிச்சமிருந்தால்

பரங்கிமலையா, சாந்தோமா என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கத் துடிப்பவர்கள் மூன்றிலும் ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள். கால் நன்றாக இருப்பவர்களுக்குப் பரங்கிமலை: மெட்ரோவில் ஆலந்தூர் போய்ப் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம். அங்கிருந்து மலைக்கு ஆட்டோவில் போகலாம். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. 1547-இல் கண்டெடுத்த கற்சிலுவை அங்கே இருக்கிறது. முதியவர்களோடு வந்தால் ஆட்டோவில் சாந்தோம் போய்விடுங்கள்: மலையேற்றம் இல்லை, 1896-இல் கட்டி முடித்த பேராலயம், தோமையார் கல்லறை, உட்கார்ந்து செபிக்க நிறைய இடம்.

எங்கே இருந்தாலும் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சென்ட்ரலுக்குத் திரும்பப் புறப்படுங்கள். மாலை ஏலகிரியில் கூட்டம் காலையைவிட அதிகம். அரக்கோணம் தாண்டியதும் கொஞ்சம் இடம் கிடைக்கும், அதுவரை முதியவர்களுக்கு முன்பதிவு இருக்கை கட்டாயம். வாலாஜா ரோடு போனதும் ஊற்று நீர் பாட்டில், செருப்புப் பை, மாத்திரை டப்பா மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். காட்பாடியில் வண்டி அதிக நேரம் நிற்காது.