கண்ணுக்குக் கீழே அதைப்பு: குறைக்கப் போய்க் கூட்டிவிடும் பிழைகள்

கண்ணுக்குக் கீழே அதைத்துக் கிடந்தால் யாழ்ப்பாணத்தில் முதலில் வருகிற கேள்வி, "ராத்திரி நித்திரை கொள்ளேல்லையோ?" என்பதுதான். சில வேளை காரணம் அதுவாக இருக்கும். ஆனால் உப்பு, வயது, ஒவ்வாமை, தைரொயிட், சிறுநீரகம் எல்லாமே அதே இடத்தில், பார்வைக்கு ஒரே மாதிரி வீங்கிக் காட்டும். எது என்று பாராமல் கைவைத்தியத்தைத் தொடங்குவதுதான் பெரிய பிழை.

கண்மடலின் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அரை மில்லிமீற்றர் அளவுதான். அதன் கீழுள்ள இழையம் தளர்வானது. இரவில் மட்டமாகப் படுக்கும்போது நீர் அங்கே இலகுவாகத் தேங்கும், எழும்பி நடமாடினால் வடியும். வயதால் வரும் பை வேறு. கண்குழிக்குள் இருக்கும் கொழுப்பை மறித்து நிற்கும் சவ்வு தளர, கொழுப்பு முன்னே தள்ளிக்கொண்டு வரும். அது வடியாது.

இரண்டையும் பிரித்தறிய 3 நாள் போதும். காலை எழும்பியதும் ஒரு படம், பின்னேரம் 5 மணிக்கு ஒரு படம். அதே யன்னல், அதே வெளிச்சம். பின்னேரம் குறைந்தால் நீர். நாள் முழுக்க ஒரே அளவில் நின்று, தலையை அசைக்காமல் மேலே பார்க்கும்போது இன்னும் புடைத்தால் கொழுப்பு. கொழுப்புப் பைக்கு எந்தக் கிறீமும் வேலை செய்யாது. பெரிதாக உறுத்தினால் கண் வைத்தியரிடம் சத்திரசிகிச்சை பற்றிக் கதைக்கலாம். கீழே சொல்லும் வீட்டு வழிகள் நீருக்கே உரியவை.

உப்பைச் சட்டியில் மட்டும் தேடுவது

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய மட்டமாக ஒரு தேக்கரண்டி. கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டு, அருகில் கருவாட்டுப் பொரியலும் மோர்மிளகாயும் ஊறுகாயும் வைத்தால் கணக்கு எப்படிச் சரிவரும்? இரவுச் சாப்பாட்டோடு இவை சேரும்போது காலை அதைப்புக் கூடும். கருவாட்டை ஒரு மணித்தியாலம் தண்ணீரில் போட்டு, இடையில் 2 தரம் தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பில் ஒரு பங்கு வெளியேறும். பிறகு குழம்புக்குத் தனி உப்பு வேண்டாம். உடன் நூடில்ஸின் சுவைத்தூள் பொதியிலும் சூப் கட்டியிலும் உப்பு நிறையவே இருக்கும். பொதியில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள்: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஆனையிறவுக் கல்லுப்பு, இந்துப்பு, தூளுப்பு எதுவானாலும் நிறைக்கு நிறை சோடியம் ஏறக்குறைய ஒன்றே.

நீர் தேங்குகிறது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்களும் உண்டு. உப்பு அதிகமாகவே இருக்க, தண்ணீரை மட்டும் குறைத்தால் உடம்பு இருப்பதை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும். யாழ்ப்பாண வெயிலில் இது ஆபத்தும்கூட. அதைவிட மோசம், அம்மம்மாவின் இதய நோய்க்குக் கொடுத்த, சலம் கூடுதலாகப் போக வைக்கும் குளிசையில் ஒன்றை எடுத்து விழுங்குவது. பொற்றாசியம் இறங்கும், தலை சுற்றும், இதயத்துடிப்புக் குழம்பும்.

ஐசும் கெக்கரிக்காயும் தேசிக்காயும்

கெக்கரிக்காய் வேலை செய்வது அதன் குளிர்ச்சியால்தான். குளிர்ந்த துணியோ கரண்டியோ அதே வேலையைச் செய்யும். ஐஸ் கட்டியை நேரே தோலில் வைத்தால் அந்த மெல்லிய தோல் குளிரால் வெந்துவிடும். துணியில் சுற்றி 10 நிமிடம், அழுத்தாமல். தேயிலைப் பை வைப்பதென்றால் 2 பைகளைக் கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து, பிரிட்ஜில் 20 நிமிடம் ஆறவிடுங்கள். மூடிய கண்ணின் மேல் 10 நிமிடம் போதும். கஃபீன் இரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்கும். பலன் சில மணித்தியாலங்களுக்குத்தான். சீனி போட்டதோ வாசனை சேர்த்ததோ வேண்டாம்.

தேசிக்காய்ச் சாறு கண்ணுக்குக் கிட்டவே போகக்கூடாது. புளிப்பு எரிக்கும்; சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்துக் கறுப்பு ஏறும், மாதக்கணக்கில் போகாது.

தலையை உயர்த்திப் படுப்பது நல்லது, ஆனால் 3 தலையணை அடுக்கினால் கழுத்துத்தான் மடியும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு உறுதியான பலகைக் கட்டை வையுங்கள்.

கண்ணைக் கசக்குவது

புத்தகத் தூசு, பூனை மயிர், கண் மை, ஊமலும் பன்னாடையும் பொச்சுமட்டையும் எரிகிற அடுப்புப் புகை: கண் கடிக்கும், கசக்குவோம், இன்னும் வீங்கும். கடி இருக்கிற அதைப்பு என்றால் ஒவ்வாமையை நினையுங்கள். சுத்தமான குளிர் நீரால் கழுவுங்கள், மையை நிறுத்திப் பாருங்கள், அடுப்படியில் புகை போக வழி விடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் ஸ்ரெரொயிட் கிறீமுக்குப் போகிறார்கள். தோல் கடிக்கு வாங்கி மிஞ்சிய ரியூப்பைக் கண்ணுக்குக் கீழே பூசினால் ஒரு நாளில் வீக்கம் வற்றும், அதனால் நம்பிக்கை பிறக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் இன்னும் மெலியும், கண்ணுக்குள் அழுத்தம் கூடும், பார்வையே பாதிக்கப்படலாம்.

வெள்ளையாக்கும் கிறீம் இன்னொரு பொறி. சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது தோலால் உள்ளிறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023 இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிக் கிறீம் பூசியவர்களிடம் சிறுநீரில் புரதம் கசியும் நோயை வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று முக வீக்கம். கண் அதைப்பை மறைக்கப் பூசுகிற கிறீமே அதைப்பைக் கொண்டுவரலாம். தயாரித்தவரின் முகவரியோ உள்ளடக்க விபரமோ அச்சிடாத டப்பாவை, யார் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்தாலும், வாங்காதீர்கள்.

பிள்ளையின் வீக்கத்தை ஒவ்வாமை என்று விடுவது

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை காலையில் கண் வீங்கி எழும்புகிறது, பின்னேரம் வற்றிவிடுகிறது. "கிரந்தி", "சூடு" என்று எண்ணெய் வைத்து முழுக வார்க்கிறார்கள், அல்லது ஒவ்வாமைப் பாணியை வாரக்கணக்கில் பருக்குகிறார்கள். சிறுநீரகத்தால் புரதம் கசியும் நோய் பிள்ளைகளில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பிறகு கால், வயிறு என்று வீக்கம் பரவும். சலம் நுரைத்து நிற்கும். 2, 3 நாள் தொடர்ந்து வீங்கினாலே சலப் பரிசோதனை செய்யுங்கள். புரதத்தைக் காட்டும் பட்டி சில நிமிடத்தில் விடை சொல்லும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ மந்திகை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளுக்கோ போகலாம்.

பெரியவர்கள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பெருவிரலால் 10 விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் நீர் உடம்பெங்கும் தேங்குகிறது. அதைப்போடு குளிர் தாங்காமை, மலச்சிக்கல், காரணமில்லாத நிறை கூடுதல் சேர்ந்தால் தைரொயிட் இரத்தப் பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே எடுக்கிற குளிசை, குறிப்பாகப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் குளிசை, முகத்தை வீங்க வைக்கலாம். ஆனால் அதைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வைத்தியரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

ஒரு கண் மட்டும் சிவந்து, சூடாகி, நோவோடு வீங்கி, காய்ச்சலும் வந்தால், அல்லது கண்ணை அசைக்க நொந்தால், பார்வை இரட்டித்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கண்ணோடு உதடும் நாக்கும் வீங்கி மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.