நெல்லில் நோய் எதிர்ப்பு மரபணு தேடும் மாடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் ஃபைனல் இயர் பிள்ளைகள் சிலர் மெஷின் லேர்னிங் ப்ராஜெக்டுக்கு நெல்லை எடுக்கிறார்கள். எந்த மரபணு நோயைத் தாங்கும் என்று கணினியை விட்டுத் தேடுகிற வேலை. நல்ல விஷயம்தான். ஆனால் "98 பர்சன்ட் சரியா சொல்லுது அண்ணா" என்று யாராவது வந்து நின்றால், டேட்டாவை எப்படிப் பிரித்தாய் என்றுதான் முதலில் கேட்பேன்.

முக்கால்வாசித் தவறு அங்கேதான். செல்லுக்குள் நுழைந்த கிருமியை மோப்பம் பிடிக்கும் என்எல்ஆர் வகை மரபணுக்கள் குரோமோசோமில் கொத்துக் கொத்தாக, அக்கா தங்கை மாதிரி ஒரே சாயலில் உட்கார்ந்திருக்கும். குலுக்கிப்போட்டு பயிற்சிக்கு 80, தேர்வுக்கு 20 என்று பிரித்தால் அக்கா பயிற்சியிலும் தங்கை தேர்விலும் வந்துவிடுவார்கள், மாடலும் முகஜாடையை வைத்தே மார்க் வாங்கிவிடும். சிடி-ஹிட் போன்ற கருவியில் ஒத்த வரிசைகளைக் குழுவாக்கி, ஒரு குழு முழுசும் ஒரே பக்கம் போகும்படி பிரியுங்கள். இன்னும் கறாராக வேண்டுமா, நெல்லில் பயிற்றுவித்துக் கோதுமையில் சோதியுங்கள். மார்க் இறங்கும், இறங்கட்டும்.

அப்புறம் அந்த 98. நெல்லில் சுமார் 40,000 மரபணுக்கள், அதில் என்எல்ஆர் 500 சொச்சம். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லும் ஒரு வரி ப்ரோக்ராமே 98-ஐத் தாண்டிவிடும். ப்ரிசிஷன் (மாடல் "ஆமாம்" என்றதில் எத்தனை சரி), ரீகால் (உண்மையில் இருப்பதில் எத்தனையைப் பிடித்தது) இரண்டையும் பாருங்கள்.

எதிர்ப்பு மரபணு அல்லாதவை என்று காட்டும் "இல்லை" பக்கம் ஒளிச்சேர்க்கை மரபணுக்களைப் போட்டு நிரப்பினால் எந்த மாடலும் பிரித்துவிடும். பிஆர்ஐ1-ஐப் போடுங்கள்: வளர்ச்சி ஹார்மோனை உணர்கிற ஏற்பி, அமைப்பிலோ நோயைத் தடுக்கும் எக்ஸ்ஏ21-ஐப் போலவே இருக்கும். அங்கே திணறுகிறதா என்று பாருங்கள்.

என்எல்ஆர் மட்டும்தான் எதிர்ப்பு என்று நினைப்பது அடுத்தது. செங்குன்றம் மண்டிக்காரர்களைக் கேட்டால் ஆந்திரா பொன்னி என்பார்களே, சம்பா மசூரி என்கிற அந்த பிபிடி 5204 பாக்டீரியா இலைக்கருகலுக்குச் சுலபமாக ஆளாகும் ரகம். அதில் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 மூன்றையும் சேர்த்து 2008-ல் இம்ப்ரூவ்ட் சம்பா மசூரி வந்தது. மூன்றில் ஒன்றுகூட என்எல்ஆர் கிடையாது! எக்ஸ்ஏ21 காட்டு நெல்லிலிருந்து வந்தது, ஜப்பானிய நெல் ரகமான நிப்பான்பாரேயின் ஜீனோமை (மொத்த மரபணுத் தொகுப்பை) மட்டும் வைத்துக்கொண்டு சல்லடை போட்டாலும் கிடைக்காது. எக்ஸ்ஏ5 எல்லா நெல்லிலும் இருக்கிற ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது. எக்ஸ்ஏ13 சர்க்கரை கடத்தும் மரபணு, அதில் எதிர்ப்பைத் தரும் மாற்றம் இருப்பதோ ப்ரோமோட்டரில், அதாவது மரபணுவை இயக்கும் சுவிட்ச் பகுதியில். புரத வரிசையை மட்டும் தின்று வளர்ந்த மாடலுக்கு அது கண்ணிலேயே படாது.

சரி, மாடல் தேடிக் கொடுத்த மரபணுப் பட்டியல் வந்துவிட்டது. முதலில் இருப்பதை "கண்டுபிடித்துவிட்டோம்" என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். கத்தரிக்கோலை பாக்டீரியா கரைசலில் நனைத்து இலை நுனியை வெட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கருகல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். எந்த பாக்டீரியா இனத்தை வைத்துச் சோதித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஓர் இனத்தை மடக்குகிற மரபணு அடுத்த இனத்திடம் கோட்டை விட்டுவிடலாம்.