சொந்தத் தொழில் செய்பவரின் முதல் வரிக் கணக்கு

சம்பளக்காரருக்கு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதி கைக்கு வருகிறது. சொந்தத் தொழில் செய்பவருக்குப் பெரும்பாலும் முழுத் தொகையும் முதலில் வந்துவிடுகிறது. வரி கேட்கும் நாள் பல மாதங்கள் தள்ளி வருகிறது. அதற்குள் பணம் செலவாகிவிடுவதுதான் புதியவர்கள் படும் பாட்டுக்கெல்லாம் காரணம். வரி விகிதம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால், கணக்குப் போடும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். அதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: தனி வங்கிக் கணக்கு

தொழில் வரவும் தொழில் செலவும் மட்டும் ஓடும் ஒரு கணக்கைத் தொடங்குங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இதைச் செய்யுங்கள். ஆண்டு முடிவில் வீட்டுச் செலவையும் தொழில் செலவையும் பிரித்தெடுக்கும் வேலை மிச்சமாகும்.

படி 2: பில் தொகையை வரவாக எழுதுங்கள்

1,000 என்று பில் கொடுத்தீர்கள். வாடிக்கையாளர் நிறுவனம் 100 வரிப் பிடித்தம் செய்து 900 அனுப்பியது. வரவு எவ்வளவு? 900 என்றுதான் நானும் என் முதல் ஆண்டில் எழுதினேன். அது தவறு. வரவு 1,000. அந்த 100 உங்கள் பெயரில் ஏற்கெனவே கட்டப்பட்ட வரி. இறுதி வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பவும் பெறலாம். இந்தியாவில் இந்தப் பிடித்தம், வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பெயருக்கு உள்ள வரிப் பட்டியலில் (படிவம் 26ஏஎஸ்) தெரியும். உங்கள் பதிவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் தாக்கல் செய்ய வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் நீங்கள் வசூலிக்கும் ஜிஎஸ்டி, வாட் போன்றவை உங்கள் வருமானமே அல்ல. அரசுக்குச் சேர வேண்டிய பணம் உங்கள் கணக்கில் கொஞ்சநாள் தங்குகிறது, அவ்வளவுதான். அதை அன்றே தனியே எடுத்து வையுங்கள்.

படி 3: எது செலவு, எது செலவு அல்ல?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வரி, வரவுக்கு அல்ல, லாபத்துக்கு. ஆகவே ஒவ்வொரு செலவிலும் "இந்தத் தொழில் இல்லாவிட்டால் இதை வாங்கியிருப்பேனா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பெரும்பாலும் அது தொழில் செலவு.

தொலைபேசிபோல வீட்டுக்கும் தொழிலுக்கும் பயன்படும் பொருளில் தொழிலின் பங்கை மட்டும் எழுதலாம். பத்தில் ஆறு பங்கு தொழிலுக்கு என்றால் 60 சதவீதம். அந்த 60 எப்படி வந்தது என்பதற்கு ஒரு மாதக் குறிப்பாவது கையில் இருக்கட்டும். வீட்டின் ஓர் அறையில் வேலை செய்பவருக்கும் பரப்பளவையோ பயன்படுத்தும் நேரத்தையோ வைத்து இதே கணக்குதான்.

கணினி, இயந்திரம் போன்றவை பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றின் விலையைப் பொதுவாக ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. தேய்மானமாகச் சிறிது சிறிதாகக் கழிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கு முதல் ஆண்டிலேயே முழுதும் கழிக்கச் சில நாடுகள் சலுகை தருகின்றன.

செலவு ஆகாதவை மூன்று. தனி உரிமையாளர் தனக்கென எடுத்துக்கொள்ளும் பணம் லாபத்தின் ஒரு பகுதியே. சம்பளச் செலவு ஆகாது. கடனில் வட்டி செலவு, அசல் செலவு அல்ல. கட்டிய வருமான வரியும் செலவு அல்ல.

ரசீதுகளைச் சேர்த்துவைக்க இயலாத சிறு தொழிலருக்கு எளிய வழியும் சில இடங்களில் உண்டு. இந்தியாவில் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற குறிப்பிட்ட தொழிலர்கள், ஒரு வரம்புக்குள் இருந்தால், வரவில் 50 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். உண்மையான செலவு பாதிக்கு மேல் போகிறவருக்கு இது நஷ்டம். ஆகவே இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படி 4: எவ்வளவு ஒதுக்குவது?

முதல் 10,000க்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 10 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 30,000, செலவு 8,000 என எதிர்பார்க்கிறீர்கள். லாபம் 22,000. வரி, நடு அடுக்குக்கு 1,000, மேலே உள்ள 2,000க்கு 400, ஆக 1,400. வரவில் இது ஏறத்தாழ 5 சதவீதம். இனிப் பணம் வரும் ஒவ்வொரு முறையும் 5 சதவீதத்தை அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வருமானம் கூடினால் சதவீதத்தைத் திருத்துங்கள்.

"அடுத்த அடுக்குக்குப் போனால் எல்லாப் பணத்துக்கும் 20 சதவீதமா?" இல்லை. தாண்டிய தொகைக்கு மட்டுமே. இந்தப் பயத்தில் வேலையை மறுத்தவர்கள் உண்டு, வருத்தமாக இருக்கிறது.

வருமான வரியோடு சமூகப் பாதுகாப்புப் பங்கும் (ஓய்வூதியம் போன்றவற்றுக்குக் கட்டுவது) சேரும் நாடுகளில் கூடுதலாக ஒதுக்குங்கள். அமெரிக்காவில் சுயதொழில் வரி 15.3 சதவீதம், சம்பளக்காரருக்காக முதலாளி கட்டும் பாதியும் உங்கள் தலையிலேயே விழுவதால் அவ்வளவு.

படி 5: தவணைத் தேதிகள்

ஆண்டு முடியும்வரை காத்திருக்க முடியாது. இந்தியாவில் முன்கூட்டிய வரியை ஜூன் 15க்குள் 15, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் 100 சதவீதம் என்று, முந்தைய தவணைகளையும் சேர்த்த மொத்தமாக, கட்டி முடிக்க வேண்டும். மேலே சொன்ன எளிய வழியில் இருப்பவருக்கு மார்ச் 15 ஒரே தவணை. பிரிட்டனில் ஜனவரி 31, ஜூலை 31. கனடாவில் கவனம் தேவை: சுயதொழிலர் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை அவகாசம் உண்டு, பணமோ ஏப்ரல் 30க்குள் போய்விட வேண்டும்; மறுநாளே வட்டி தொடங்கும்.

படி 6: பணம் இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள்

கட்ட முடியாத பயத்தில் தாக்கலையே தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் தாக்கல் செய்யாததற்கு அபராதம், கட்டாத வரியில் மாதம் 5 சதவீதம். தாக்கல் செய்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் 0.5 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்! கணக்கைக் கொடுத்துவிட்டுத் தவணை கேளுங்கள். நஷ்டமான ஆண்டிலும் இப்படியே. இந்தியாவில் உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் தொழில் நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை வரும் லாபத்தில் கழிக்க முடியும்.

படி 7: காகிதங்கள்

கனடாவில் 6 ஆண்டுகள், பிரிட்டனில் ஜனவரி 31 தாக்கல் கெடுவுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டுகள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் வழவழப்பான வெப்பத்தாள் ரசீது அதற்குள் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, என்ன வேலைக்காக வாங்கினீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதி, அந்த மாதத்தின் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.